மலை ஓடை அயிரை மீன்கள்: அடையாளமும் சமவெளித் தொட்டியில் வளர்ப்பும்

மலை ஓடை அயிரை என்பது, ஆசிய மலைப்பகுதிகளில் பாறைகள் மேல் விரைந்து பாயும் ஓடைகளில் வாழும் ஒரு கூட்டம் சிறு நன்னீர் மீன்களைக் குறிக்கும் பெயர். வண்ணமீன் கடைகளில் இவை ஹில்ஸ்ட்ரீம் லோச், பட்டர்ஃபிளை சக்கர், போர்னியோ சக்கர் எனப் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. மதுரைப் பக்கம் குழம்புக்குப் பேர்போன அயிரைக்கு இவை தூரத்து உறவு. அயிரை கோபிடிடே குடும்பத்தைச் சேர்ந்தது. மலை ஓடை அயிரைகள் பாலிடோரிடே, காஸ்ட்ரோமைசோன்டிடே என்னும் இரு குடும்பங்களில் அடங்கும்.

விரல் நீளமே உள்ள மீன். அடிப்பக்கம் தட்டை, மேற்பக்கம் மெல்லிய மேடு, இருபுறமும் விசிறி போல் விரிந்த துடுப்புகள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பல்லி போல் ஊர்ந்து செல்வதைப் பார்த்தவர்கள் விலை கேட்காமல் போவதில்லை. சென்னை கொளத்தூர்ச் சந்தைக்குப் போய் வருபவர்கள் கையில் இத்தகைய மீன் ஒரு பையில் வந்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் பை திருவள்ளூர் மாவட்டத்துப் பொதட்டூர்பேட்டைக்கோ திருத்தணிக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ வந்து சேர்ந்தால், மார்கழியில் நன்றாக இருக்கும் மீன் சித்திரை தாண்டுவது கடினம். கடைக்காரர் மேல் குற்றம் சொல்லி இதில் பயனில்லை. இந்த மீனின் உடல் எதற்காக அமைந்திருக்கிறது என்பதை அறிந்தால் காரணம் விளங்கும். வெயில் ஊர்களில் இதை வளர்க்க நினைப்பவர்களை மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

கொல்கத்தாவில் சூட்டிய பெயர்கள்

வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் இம்மீன்களின் பெயர்களுக்கு இந்தியத் தொடர்பு உண்டு. கடைகளில் மிகுதியாகக் காணப்படும் செவெல்லியா, பியூஃபோர்ட்டியா ஆகிய இரு பேரினங்களுக்கும் 1932இல் பெயர் வைத்தவர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய சுந்தர் லால் ஹோரா. செவெல்லியா என்பது அப்போது அந்த நிறுவனத்தின் இயக்குநராக இருந்த சீமோர் செவெல் நினைவாகவும், பியூஃபோர்ட்டியா என்பது டச்சு மீனியலாளர் டி பியூஃபோர்ட் நினைவாகவும் இடப்பட்டவை. ஹோரா பின்னர் 1947 முதல் 1955இல் இறக்கும் வரை அதே நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார்.

அதற்கும் முன்பே, 1920இல், மேற்குத் தொடர்ச்சி மலையின் மலை ஓடை அயிரை ஒன்றுக்கு அவர் பவானி ஆற்றின் பெயரைக் கொண்டு பவானியா என்று பெயர் சூட்டினார். அந்த மீனை 1849இலேயே வேறு பேரினப் பெயரில் விவரித்தவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ஜெர்டன். அவருக்கு மாதிரி கிடைத்தது பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய வாளையாற்றுப் பகுதியில்.

மலேயா, இந்தோசீனப் பகுதிகளின் ஓடை மீன்களும் நம் மேற்கு மலைகளின் ஓடை மீன்களும் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற கேள்வி ஹோராவை நெடுங்காலம் ஆட்கொண்டது. நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சமவெளி. இம்மீன்களால் அதைக் கடக்க முடியாது. ஒரு காலத்தில் விந்திய, சத்புரா மலைத்தொடர்கள் வழியாகத் தொடர்ச்சியான மலை ஓடைகள் இருந்திருக்க வேண்டும், அவற்றின் வழியே மீன்கள் தெற்கே வந்திருக்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த விளக்கம். சத்புரா கருதுகோள் என்று இது பாடநூல்களில் வருகிறது. பிற்கால மரபணு ஆய்வுகள் இதை அப்படியே ஏற்கவில்லை. ஆயினும் அவர் கேள்விக்கு அடிப்படையாக இருந்த உண்மை மாறவில்லை: இந்த மீன் சமவெளிக்கு இறங்காது.

சக்கர் என்ற ஒரே பெயரில்

கடையில் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டும் மீன் எல்லாமே சக்கர்தான். அதனால் என்ன மீன் என்று உறுதி செய்வதே வளர்ப்பின் முதல் வேலை. பெயர் தவறினால் பராமரிப்பு முழுவதும் தவறும். இதற்கு மீனின் முதுகை விட வயிற்றைப் பார்ப்பது நல்லது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வெளியிலிருந்தே பார்த்துவிடலாம்.

நம் ஊரில் சாதாரணமாகச் சக்கர் எனப்படுவது தென் அமெரிக்கக் கெளுத்தி. உடல் முழுவதும் எலும்புத் தகடுகள் கவசம் போல் இருக்கும். வாயே உறிஞ்சு கருவி. வெயிலைத் தாங்கும், ஓரடிக்கு மேல் வளரும். தொட்டியில் இடம் போதாமல் ஏரியில் கொண்டுபோய் விடப்பட்டு, இப்போது தமிழ்நாட்டு, கேரள நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது இக்கூட்டத்து மீன்தான். பாசி தின்னி என்று விற்கப்படும் தங்க நிற மீனும் வாயாலேயே ஒட்டுவது. வளர்ந்த பின் மற்ற மீன்களின் உடலை உறிஞ்சித் தொல்லை தரும். நம் ஆறுகளில் பரவலாக உள்ள கார்ரா மீனுக்கு வாய்க்குப் பின்னால், கீழுதட்டின் மேல், வட்டமான ஒட்டுத்தட்டு ஒன்று இருக்கும். அதன் உடல் உருண்டையானது. பார்ப்பதற்குக் கெண்டைக் குஞ்சின் சாயல்.

மலை ஓடை அயிரை இவை எதையும் போல வாயால் ஒட்டுவதில்லை. மார்புத் துடுப்பும் இடுப்புத் துடுப்பும் கிடைமட்டமாக விரிந்து, தட்டையான வயிற்றோடு சேர்ந்து முழு உடலுமே ஒட்டு கருவியாகிறது. துடுப்புக் கதிர்களின் அடியில் தடித்த மெத்தைகள் உண்டு. அவற்றின் மேல் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் கொம்புப்பொருள் முட்கள் வழுக்குப் பாறையைப் பற்றுகின்றன. காற்றுப்பை சுருங்கி எலும்புக் கூட்டுக்குள் அடங்கிவிட்டதால் மீன் மிதக்காமல் கீழேயே தங்கும். பாறையை ஒட்டிய மெல்லிய நீரடுக்கில் ஓட்டத்தின் வேகம் குறைவு. தட்டை உடல் அந்த அடுக்குக்குள் பதுங்கிவிடும்போது, மேலே ஆளைத் தள்ளும் வெள்ளம் போனாலும் மீன் நிம்மதியாகப் பாசி மேயும்.

இடுப்புத் துடுப்புகள் பின்பக்கம் ஒன்றோடொன்று இணைந்து கிண்ணம் போல் இருந்தால் அது செவெல்லியா, பியூஃபோர்ட்டியா, காஸ்ட்ரோமைசோன் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். கருமையான உடலில் பொன்னிற வலைக்கோடு இருந்தால் நடு வியட்நாமின் செவெல்லியா லினியோலாட்டா. இது 6 செ.மீ. அளவில் நின்றுவிடும், இப்போது வீட்டுத் தொட்டிகளிலேயே குஞ்சு பொரிக்கிறது. பழுப்பு நிறத்தில் கரும்புள்ளிகளோடு சற்றுப் பெரிதாக இருந்தால் பெரும்பாலும் தென் சீனாவின் பியூஃபோர்ட்டியா. கரிய உடலில் வெளிர் புள்ளிகளோ பட்டைகளோ இருந்தால் போர்னியோவின் காஸ்ட்ரோமைசோன். இடுப்புத் துடுப்புகள் இணையாமல் தனித்தனியாக இருந்தால் அது சூடோகாஸ்ட்ரோமைசோனாகவோ, நம் பவானியா, பாலிடோரா, காட்சா கூட்டத்தைச் சேர்ந்ததாகவோ இருக்கலாம். மாணவர்களுக்கு ஒரு நுட்பமான குறிப்பும் உண்டு. மார்புத் துடுப்பின் முன்விளிம்பில் கிளைக்காத கதிர் ஒன்று மட்டும் இருந்தால் காஸ்ட்ரோமைசோன்டிடே. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் பாலிடோரிடே. உயிருள்ள மீனில் இதை எண்ணுவது சிரமம், ஒரு நல்ல புகைப்படத்தில் எண்ணிவிடலாம்.

வாங்கும்போது வயிற்றைப் பார்க்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெடுநாள் பயணத்தில் பட்டினி கிடந்த மீனின் வயிறு உட்குழிந்து, துடுப்புகளுக்கு நடுவே பள்ளமாகத் தெரியும். அத்தகைய மீன் விலை குறைந்தாலும் வேண்டாம், தேறுவது அரிது.

வெயிலும் உயிர்வளியும்

மலை ஓடை நீர் குளிர்ந்திருப்பதோடு, பாறையில் மோதி நுரைத்து உயிர்வளியை நிறையக் கலந்து வைத்திருக்கும். நீர் சூடேறினால் அதில் கரைந்து நிற்கும் உயிர்வளி குறையும் என்பது பள்ளிப் பாடம். கடல் மட்ட அழுத்தத்தில் 20 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 7 மில்லிகிராம் மட்டுமே. இந்தக் குறைவு மட்டும் என்றால் காற்றுக்குழாய் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பமே. 10 டிகிரி ஏறினால் அதன் உயிர்வளித் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். வரவு குறையும்போதே செலவு இரட்டிப்பாவதுதான் இங்கே சிக்கல். கெண்டைக்கும் விராலுக்கும் இதைச் சமாளிக்க உடலில் வழி உண்டு. விரால் மேலே வந்து காற்றையே விழுங்கும். எப்போதும் உயிர்வளி நிறைந்த நீரிலேயே வாழ்ந்து பழகிய மலை ஓடை அயிரைக்கு அந்த வழி இல்லை.

செவெல்லியாவுக்கு ஏற்ற வெப்பம் 20 முதல் 24 டிகிரி. பியூஃபோர்ட்டியா இன்னும் குளிர்ந்த நீரை விரும்பும். சில நாட்கள் 26, 27 டிகிரியை, நீரோட்டம் பலமாக இருந்தால், தாங்கிக்கொள்ளும். திருத்தணி வானிலை நிலையத்தில் மே மாதத்தில் 42 டிகிரியைத் தாண்டிப் பதிவாவது அடிக்கடி செய்தியில் வருகிறது. அருகிலுள்ள பொதட்டூர்பேட்டைக்கும் அதே வெயில். ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் தொட்டி நீர் 33, 34 டிகிரியில் நிற்கும். இரவிலும் அது இறங்க நேரமிருக்காது.

நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டால் ஆவியாதலால் இரண்டு முதல் நான்கு டிகிரி குறையும். இதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. பள்ளிப்பட்டு வட்டத்தின் வறண்ட பிற்பகலில் விசிறி நன்றாகவே வேலை செய்யும். கடற்காற்றின் ஈரம் எட்டும் கும்மிடிப்பூண்டியில் பலன் குறைவு. விசிறி வைத்தால் நீர் வேகமாகக் குறையும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். அந்தக் குறைவை ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் நீரின் கடினத்தன்மை ஏறிவிடும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. நீர் ஊற்றுவதே சரி. ஐஸ் பாட்டிலை மிதக்கவிடுவது பலரும் செய்வது. ஆனால் மதியம் ஐந்து டிகிரி இறக்கி, மாலையில் மறுபடி ஏற்றுவது வெயிலை விடக் கொடுமை.

எனவே நேராகச் சொல்லிவிடலாம். நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியோ, கோடை முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அறையோ இல்லாத வீட்டில், இந்த மாவட்டத்தில், மலை ஓடை அயிரை வாங்கக் கூடாது. சில்லரின் விலை மீனின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும். அதையும் சேர்த்துத்தான் மீனின் விலையாகக் கணக்கிட வேண்டும்.

தொட்டியை ஓடையாக்குதல்

குளிர்ச்சிக்கு வழி இருப்பவர்களுக்கு மற்றவை கடினமல்ல. உயரமான தொட்டியை விட அடிப்பரப்பு அகன்ற மூன்றடித் தொட்டி நல்லது. ஒரு மணி நேரத்தில் தொட்டி நீர் முழுவதும் பத்து முதல் பதினைந்து முறை சுழலும்படி பவர் ஹெட் மோட்டார் இருக்க வேண்டும். ஒரு முனையில் நீரை உறிஞ்சி, அடியில் பதித்த பி.வி.சி. குழாய் வழியாக மறுமுனைக்குக் கொண்டுவந்து விட்டால் ஒரே திசை ஓட்டம் கிடைக்கும். உறிஞ்சும் முனைக்குக் கட்டாயம் ஸ்பாஞ்ச் மாட்ட வேண்டும். தட்டையான மீன் இடுக்கில் நுழைந்து மாட்டிக்கொள்ளும். மூடியும் தேவை. ஈரக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு மேலேயே ஏறிவிடும் மீன் இது.

அடியில் மெல்லிய மணல், அதன் மேல் வழவழப்பான கூழாங்கற்கள். கூர்முனைக் கருங்கல் ஜல்லி வயிற்றைக் கிழிக்கும். ஐந்தாறு மீன்களாக வைத்தால் அவற்றின் குணம் தெரியும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போர்வை போல் மூடி, சுற்றிச் சுழன்று இடத்துக்குச் சண்டையிடும். காயம் படுவதில்லை, பார்க்கத்தான் பயமாக இருக்கும். செவெல்லியாவில் ஆணின் தலைக்கும் மார்புத் துடுப்புக்கும் இடையே தோள் போல் ஒரு முறிவு தெரியும். பெண்ணின் விளிம்பு ஒரே வளைவாக ஓடும்.

புதிதாக அமைத்த தொட்டியில் இவற்றை விடக் கூடாது. அம்மோனியாவைத் தாங்காது என்பது ஒரு காரணம். உணவு இருக்காது என்பது பெரிய காரணம். இவை மேய்வது கல்லின் மேல் படியும் பாசியும் அதனுள் வாழும் நுண்ணுயிர்களும். இந்த ஒன்றில் மட்டும் நம் வெயில் கைகொடுக்கிறது. மொட்டை மாடியில் ஒரு வாளி நீரில் கூழாங்கற்களைப் போட்டு வைத்தால் பத்து நாளில் பச்சைப் படலம் பிடித்துவிடும். அவற்றை ஆற வைத்துத் தொட்டியில் இட்டு, மேய்ந்து முடித்த கற்களை மாடிக்கு அனுப்பலாம். வாளிக்குக் கொசுவலை கட்டாயம். டெங்கு கொசு முட்டையிட இதை விட நல்ல இடம் கிடையாது. கூடுதலாக வெந்நீரில் அமுக்கிய கீரை, வெள்ளரித் துண்டு, பாசி வில்லை, வாரம் ஓரிரு முறை உறைந்த இரத்தப்புழு கொடுக்கலாம். வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு நீரை, குளோரின் நீக்கி, அதே வெப்பத்தில் மாற்ற வேண்டும்.

மின்தடைதான் மீதமுள்ள அச்சம். விசைத்தறி ஊரில் மின்சாரம் போனால் தறியின் ஓசை நின்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தொட்டியின் ஓட்டம் நின்றது மட்டும் கவனத்துக்கு வராது. மின்சாரம் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் மாட்டியிருக்கட்டும். மீன்கள் எல்லாம் மேல் விளிம்பில் கூடிச் செவுளை வேகமாக அடித்துக்கொண்டு, நிறம் வெளுத்து நின்றால் மூச்சுத் திணறுகிறது என்று பொருள்.

நோயில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெண்புள்ளி நோய்க்குக் கடைகளில் முதலில் சொல்லும் வைத்தியம் நீரை 30 டிகிரிக்குச் சூடேற்றுவது. மற்ற மீன்களுக்குச் சரி. இந்த மீனுக்கு நோயை விட வைத்தியமே முந்திக்கொள்ளும். செதில் மிகச் சிறியதாக இருப்பதால் மருந்துகளும் எளிதில் தாக்கும். தாமிரம் கலந்தவற்றைத் தவிர்த்து, வேறு மருந்தையும் பாதி அளவில் தொடங்க வேண்டும். புதிய மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதே உண்மையான வைத்தியம்.

நம் மலைகளின் மீன்களைக் கொண்டுவரலாமா

வால்பாறைக்கோ மலையோர அருவிக்கோ சுற்றுலா போகும் மாணவர்கள் தண்ணீர் பாட்டிலில் ஒரு மீனைப் பிடித்துவருவது நடக்கிறது. சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் இது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் காரணம் வலுவானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இம்மீன்களில் பல ஓரிரு ஆறுகளில் மட்டுமே இருப்பவை. காட்சா மொன்டானா ஆனைமலைப் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டது. காட்சா பிள்ளையி, பாலிடோரா ஜல்பள்ளி இரண்டும் அமைதிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. முன்னதை 1981இல் விவரித்த இந்திரா, ரமாதேவி இருவரும் சென்னையில் உள்ள விலங்கியல் ஆய்வகக் கிளையில் பணியாற்றிய அறிவியலாளர்கள். ஓர் ஓடையில் தடுப்பணை வந்தாலோ, மணல் படிந்து கற்களின் இடுக்கு மூடிக்கொண்டாலோ, அந்த இனத்துக்குப் போக்கிடம் இல்லை.

வண்ணமீன் வணிகம் என்ன செய்ய வல்லது என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து அழியும் நிலையிலுள்ள 30 நன்னீர் மீனினங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் ஏற்றுமதியானதாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் முன்னணியில் இருந்தவற்றுள் ஒன்று செங்கோட்டுக் கெண்டையான டெனிசன் பார்ப். கேரள அரசு 2008இலேயே அதைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியிருந்தது. வளர்க்கத்தான் வேண்டும் என்றால் தொட்டியில் பிறந்த செவெல்லியாவைக் கேட்டு வாங்குவதே முறை.

வெந்நீரின் பெயர் கொண்ட அயிரை

சில்லர் வாங்க முடியாதவர்கள் ஏமாற வேண்டியதில்லை. அயிரை இருக்கிறது. லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தெர்மாலிஸ் என்பது வெந்நீரைக் குறிக்கும் சொல். 1846இல் பிரெஞ்சு அறிவியலாளர் வலென்சியென் இதை விவரித்தபோது கையில் இருந்த மாதிரி திருகோணமலை அருகே கன்னியா வெந்நீரூற்றுப் பகுதியிலிருந்து வந்தது. தென்னிந்தியாவின் ஆற்று மணலிலும் ஏரிக் கால்வாய்களிலும் பரவலாக வாழும் இம்மீன் நம் கோடையை அறியாததல்ல.

கல்லில் ஒட்டாது, ஆனால் மணலுக்குள் மின்னல் போல் புகுந்து கண் மட்டும் வெளியே தெரியப் படுத்திருக்கும். அதற்கு வேண்டியது மூன்று விரல்கடை ஆழத்துக்குச் சலித்த ஆற்று மணல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஐந்தாறு துணை மீன்கள், நல்ல மூடி. அடியில் விழும் உணவை மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே உமிழ்ந்து பொறுக்கித் தின்னும். கண்ணுக்குக் கீழே மடங்கி நிமிரும் சிறு முள் உண்டு. அது வலை நூலில் சிக்கிக்கொள்ளும் என்பதால், தொட்டியிலிருந்து எடுக்கும்போது வலையைத் தவிர்த்து ஒரு டம்ளரால் முகந்து எடுப்பது நல்லது.